ஒன்பதாம் நம்பர் பனியன்

போன வாரம் தண்ணீர் லாரிகளைப் பற்றி எழுதியதற்கு நீங்கள் அனுப்பிய கடிதங்களைப் பாதிதான் படித்து முடித்திருக்கிறேன். லாரி நம்பரோடு போட்டோ அனுப்பிய படூர் வாசகருக்குத் தனி நன்றி. இந்த வாரம் லாரியை ஓரம் கட்டிவிட்டு மைதானத்துக்குள் போகலாம். வீட்டில் ஒரு பஞ்சாயத்து. அதைத் தீர்க்காமல் எனக்கு ராத்திரி சோறு இறங்காது போலிருக்கிறது.

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பதின்மூன்று வயது. சிறுசேரியில் எங்கள் குடியிருப்பிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு டர்ஃப் இருக்கிறது. பகலெல்லாம் வெறிச்சோடிக் கிடக்கும். சாயந்தரம் ஐந்து மணிக்குப் பிள்ளைகளுக்குப் பயிற்சி. ராத்திரி ஒன்பதுக்கு மேல் சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வரும் ஐ.டி. இளைஞர்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து இறங்குவார்கள். மகள் இரண்டு வருடமாக அங்கே பந்து உதைக்கிறாள். எப்போதும் முன்வரிசைதான். ஸ்ட்ரைக்கர்.

போன மாதம் புதிதாக ஒரு கோச் வந்தார். பத்து நாள் பார்த்துவிட்டு, "நீ குள்ளமா இருக்கேம்மா. பாக்ஸுக்குள்ள நின்னா எல்லாரும் உன்னை இடிச்சுத் தள்ளிடுவாங்க. ரைட் பேக் ஆடு" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தவள் ஷூவைக் கழற்றி எறிந்த சத்தம் கீழ்த்தளம் வரைக்கும் கேட்டிருக்கும். சாப்பிடவில்லை. படுக்கப்போகும்போதுதான் கேட்டாள்: "அப்பா, ஃபார்வர்டுன்னா உயரமாத்தான் இருக்கணுமா?"

"அதெல்லாம் இல்லடா" என்றேன்.

"எப்படித் தெரியும்?"

எனக்கு எப்படித் தெரியும்? அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "சும்மா சமாதானம் சொல்லாதீங்க. தெரிஞ்சா சொல்லுங்க. தெரியலைன்னா விசாரிச்சிட்டு வந்து சொல்லுங்க."

விசாரித்தேன். விசாரித்த கதைதான் இது.

முதலில் போனது டர்ஃப் வாசல் டீக்கடைக்கு. ராத்திரி பதினொரு மணிக்கு அங்கே நடக்கும் விவாதங்களைக் கேட்டால் டி.வி. சேனல்காரர்கள் வெட்கப்படுவார்கள். 'சென்னையின் எஃப்சி-க்கு ஆடியதிலேயே சிறந்த ஃபார்வர்டு யார்?' என்று ஒரு கேள்வியைத்தான் போட்டேன். டீ ஆறிப்போனது, ஆட்கள் சூடாகிவிட்டார்கள். ஒருவர் மெண்டோசா என்றார். கண்ணாடி போட்ட தம்பி ஒருவர் வால்ஸ்கிஸ் என்றார். "ரெண்டு பேரும் வெளிநாடு. ஜெஜேவை மறந்துட்டீங்களா அண்ணா?" என்று மூன்றாமவர் பைக்கிலிருந்தே இறங்கி வந்தார்.

மெண்டோசாவிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு என்னிடம் ஒரு சொந்தக் காரணம் உண்டு.

2015 டிசம்பர். நாங்கள் அப்போது பெரும்பாக்கத்தில், தரைத்தள வீட்டில் இருந்தோம். அந்த மழையைப் பற்றி உங்களில் பாதிப் பேருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மூன்று வயது மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து, நண்பர் ஒருவரின் இரண்டாவது மாடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். நகரமே தண்ணீரில் நின்றபோது நேரு ஸ்டேடியத்தில் பந்தாட்டம் எங்கே நடக்கும்? ஐ.எஸ்.எல். அரையிறுதியில் சென்னையின் 'சொந்த ஊர்' ஆட்டத்தைப் புனேவுக்கு மாற்றினார்கள். டிசம்பர் 12-ஆம் தேதி, பாலேவாடி மைதானத்தில் நம் பையன்கள் கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள். மூன்றாவது கோல் மெண்டோசாவுடையது.

டிசம்பர் 20-ஆம் தேதி கோவாவில் இறுதிப் போட்டி, கோவா அணியோடு. நண்பர் வீட்டில் கரண்ட் வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என முன்னால் போய்விட்டது. முடிந்தது கதை என்று நான் எழுந்து ஈரத்துணியை உதறிக் காயப்போடப் போனேன். 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் கை பட்டே பந்து உள்ளே போய் 2-2. அடுத்த மூச்சில் மெண்டோசா. 3-2. தண்ணீர் வற்றாத தெருவில் யாரோ வெடி வைத்தார்கள். ஈரத்தில் நனையாத வெடி எங்கிருந்து கிடைத்ததோ தெரியாது.

கொலம்பியாவைச் சேர்ந்த ஸ்டிவன் மெண்டோசா அந்த சீசனில் 13 கோல் போட்டு தங்க ஷூ வாங்கினார். அவருடைய ஆயுதம் கால் வேகம். எதிரணி முன்னேறி வந்து பந்தை இழக்கும் அந்த இரண்டு விநாடியில் அவர் நாற்பது கெஜம் தாண்டியிருப்பார். டிஃபெண்டர் திரும்பிப் பார்க்கும்போது முதுகில் இருக்கும் பெயர்தான் தெரியும். மார்க்கோ மாட்டராஸி அந்த அணிக்குக் கோச். அவர் கட்டிய ஆட்டம் முழுக்க இந்த வேகத்தை நம்பித்தான்.

ஆனால், ஓடுவதற்கு இடம் வேண்டும். எதிரணி பத்துப் பேரையும் பின்னால் இறக்கி பாக்ஸ் வாசலில் திண்ணை போட்டு உட்கார்ந்துவிட்டால், மெண்டோசாவின் வேகம் பூட்டிய கதவில் முட்டும் வேகம்தான். அப்போது தனியாளாகப் புகுந்து வெட்டப் பார்ப்பார். பாஸ் கொடுக்கவேண்டிய இடத்தில் ஷாட் அடிப்பார். பக்கத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவன் கையைத் தூக்கிக்கொண்டே நிற்பான். அதே இறுதிப் போட்டியில் அவர் அடித்த பெனால்டியைக் கட்டிமணி தடுத்துவிட்டார் என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள். கடைசி கோல் அதை அழித்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. பெனால்டியை விட்டவன் தலையைத் தொங்கப்போடாமல் அரை மணி நேரம் ஓடிக்கொண்டே இருந்தான் இல்லையா, அதை அவருடைய பலத்தின் கணக்கில்தான் சேர்ப்பேன். அடுத்த வருடமே அவர் நியூயார்க் சிட்டி அணிக்குப் போய்விட்டார்.

கண்ணாடித் தம்பியின் கட்சி வேறு. லிதுவேனியாவின் நெரியுஸ் வால்ஸ்கிஸ். 2019-20 சீசன் தொடங்கியபோது சென்னையின் எஃப்சி முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூடப் போடவில்லை. நானே டி.வி.யை அணைத்துவிட்டு சீரியல் பார்க்கப் போய்விட்ட காலம் அது. ஐந்தாவது ஆட்டம் ஹைதராபாத்தோடு. 90 நிமிடம் வரை 0-0. கூடுதல் நேரத்தில் மட்டும் மூன்று கோல். நமக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று, கடைசியாக வால்ஸ்கிஸ். 2-1. அதன்பிறகு ஓவன் கோய்ல் கோச்சாக வந்தார். கீழே கிடந்த அணி இறுதிப் போட்டி வரை ஏறியது. வால்ஸ்கிஸ் கணக்கு 15 கோல், 6 அசிஸ்ட். அதே 15 கோலை வேறு இரண்டு பேரும் போட்டிருந்தார்கள். தங்க ஷூ வால்ஸ்கிஸுக்கு வந்தது.

மெண்டோசாவைப் போல அவர் ஓடமாட்டார். நடப்பார் என்றுகூடச் சொல்லலாம். எட்டிப் பார்த்தால் டிஃபெண்டர் முதுகுக்குப் பின்னால் சும்மா நிற்பதுபோல நிற்பார். கிராஸ் வரும் கணத்தில் இரண்டே அடி நகர்வார். அந்த இரண்டடியில் பந்து அவர் காலடிக்கு வந்திருக்கும். கல்யாணப் பந்தியில் எந்த வரிசை முதலில் நிரம்பும் என்று மோப்பம் பிடித்து உட்காரும் பெரியவர் ஒருவர் நம் எல்லாருடைய சொந்தத்திலும் இருப்பார் இல்லையா? வால்ஸ்கிஸ் அந்த ரகம்.

பலவீனம்? பந்து கொண்டுவந்து தரும் ஆள் வேண்டும். பிரேசிலின் ரஃபேல் கிரிவெல்லாரோ நடுவிலிருந்து நூல் கோத்துக் கொடுத்ததால்தான் வால்ஸ்கிஸ் தைத்தார். 2020 மார்ச் 14-ஆம் தேதி, கொரோனாவால் ஆளே இல்லாத மைதானத்தில் இறுதிப் போட்டி நடந்தபோது வால்ஸ்கிஸ் ஒரு கோல் போட்டார். கொல்கத்தா 3-1 என்று ஜெயித்தது. அடுத்த சீசன் கோய்லோடு அவரும் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். பிறகு 2022-ல் சென்னைக்கே திரும்பி வந்தார். பழைய வால்ஸ்கிஸ் வரவில்லை. இந்த வகை ஆட்டக்காரர்களை மட்டும் வாங்கினால் போதாது, அவர்களுக்குப் பரிமாறுபவர்களையும் சேர்த்து வாங்கவேண்டும்.

பைக்கில் வந்தவரின் ஜெஜே லால்பெக்லுவாவைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் டீக்கடையில் குரல்கள் தணிந்தன. மிசோரம் பையன். 2014-ல் லீக் தொடங்கியதிலிருந்து சென்னைக்கு ஆடியவர். இரண்டு கோப்பையிலும் அவர் கை உண்டு. கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, டிஃபெண்டரை முதுகிலேயே தாங்கி, பந்தை நிறுத்தி, ஓடிவரும் சகாவுக்குத் தள்ளிவிடுவதில் அவருக்கு இணை கிடையாது. இது கண்ணில் படாத வேலை. ஸ்கோர் போர்டில் ஏறாது. 2017-18-ல் ஒன்பது கோல் அடித்தார். அந்த அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம் சென்னையில் நடந்தது. கோவாவை 3-0 என்று வென்றதில் ஜெஜே இரண்டு, நம்ம வியாசர்பாடி தன்பால் கணேஷ் ஒன்று. அன்றைக்கு நேரு ஸ்டேடியத்தில் இருந்தவர்கள் அந்தச் சத்தத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த சீசன்? அதே ஜெஜே, அதே பனியன். லீக்கில் ஒரே ஒரு கோல். அணியும் கடைசி இடம். கோல் வராவிட்டால் அவர் இன்னும் கீழே இறங்கி வந்து உழைப்பார். உழைக்க உழைக்க கோல் கம்பத்திலிருந்து தூரமாகப் போய்விடுவார். நல்ல மனுஷனுக்கு வரும் கஷ்டம் அது. ஸ்ட்ரைக்கருக்குக் கொஞ்சம் சுயநலம் வேண்டும், மெண்டோசாவிடம் இருந்ததில் பாதியாவது. பிறகு முழங்கால் காயம் அவரை மடக்கிவிட்டது. 2023-ல் மிசோரம் சட்டமன்றத்துக்கு எம்.எல்.ஏ.வாகத் தேர்வாகிவிட்டார். "இப்பவும் எல்லாருக்கும் பாஸ் கொடுத்துட்டுத்தான் இருப்பாரு சார்" என்றார் டீ மாஸ்டர். அவர் அதுவரைக்கும் வாயே திறக்கவில்லை.

இங்கே கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் குறுக்கே வந்தார். "பெட்ரோ மான்சி பேரை யாரும் சொல்லல பாருங்க. சென்னைக்காரங்க புத்தி." அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2018-19 ஐ-லீக்கை வென்ற சென்னை சிட்டி அணிக்குப் பெயரில்தான் சென்னை. ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். அந்த சீசனில் மான்சி 21 கோல். கடைசி நாள் ஆட்டத்தில் மினர்வா பஞ்சாப் முதலிலேயே ஒரு கோல் போட்டு முன்னால் போய்விட்டது. பெனால்டியில் சமன் செய்தவர் மான்சி. பிறகு இரண்டு கோல் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தவர் டிஃபெண்டர் கவுரவ் போரா! சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. பாக்ஸுக்குள் மான்சி வேட்டைக்காரர். பாக்ஸுக்கு வெளியே பெரும்பாலும் பார்வையாளர். அந்த அணியே இப்போது ஐ-லீக்கில் இல்லை. கோயம்புத்தூர்க்காரர் அதைச் சொல்லிவிட்டு டீ காசை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இத்தனையும் கேட்டுக்கொண்டு வந்து மகளிடம் சொன்னேன். அவள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு, "இதுல உயரத்தைப் பத்தி ஒண்ணுமே வரலையேப்பா" என்றாள்.

அதற்கு விடை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. எங்கள் அலுவலகத்தில் என் பக்கத்து சீட்காரர் நாலு வருடம் மெல்போர்னில் இருந்துவிட்டுத் திரும்பியவர். அங்கே 'ஃபுட்பால்' என்றால் வேறு ஆட்டம். மைதானமும் முட்டை வடிவம், பந்தும் முட்டை வடிவம். ஒரு பக்கத்துக்கு 18 பேர். கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். நட்ட நடுக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஆறு புள்ளி, பக்கத்துக் கம்பத்துக்கு நடுவே போனால் ஒன்று. மழை பெய்யும் ஞாயிற்றுக்கிழமை பார்க்க ஆரம்பித்து மனுஷர் அதற்கே அடிமையாகிவிட்டார்.

"அந்த ஊர்ல ஃபார்வர்டுல ரெண்டு ஜாதி சார்" என்றார். "ஒண்ணு, பனைமரம். மேல எகிறி, வர்ற பந்தை ஆகாசத்துலேயே பிடிக்கிறவன். இன்னொண்ணு அணில். பனைமரம் கைநழுவ விட்ட பந்து தரையில விழும் பாருங்க, அதை ஓடிப்போய்ப் பொறுக்கி அடிக்கிறவன். ரெண்டும் இல்லாம எந்த டீமும் ஜெயிக்காது."

பனைமரத்துக்கு அவர் சொன்ன உதாரணம் லான்ஸ் ஃபிராங்க்ளின். ஆறரை அடி ஆள். 2022 மார்ச்சில் சிட்னியில் அவர் ஆயிரமாவது கோல் அடித்தபோது ஆயிரக்கணக்கான ஜனங்கள் வேலி தாண்டி மைதானத்துக்குள் ஓடி வந்துவிட்டார்களாம். மொத்தம் 1,066 கோல். இடது கால்காரர். நேராக ஓடி வந்து உதைக்காமல் வில் மாதிரி வளைந்து ஓடி வந்து உதைப்பார். தூரத்திலிருந்து அடிக்க அது வரம். பக்கத்திலிருந்து அமைதியாக அடிக்கவேண்டிய உதையில் அதே வளைவு சில சமயம் காலை வாரும். அணிலுக்கு உதாரணம் எடி பெட்ஸ். அந்த ஆட்டத்தின் கணக்கில் குள்ளம். மைதானத்தின் மூலையில், கம்பமே தெரியாத கோணத்திலிருந்து உதைத்து உள்ளே போடுவார். அடிலெய்ட் ஓவலின் ஒரு மூலைக்கே ரசிகர்கள் 'எடியின் பாக்கெட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 640 கோல். எகிறிப் பிடிக்கும் சண்டையில் அவர் ஃபிராங்க்ளினோடு நிற்க முடியாது. பந்து தரையைத் தொட்டுவிட்டால் ஃபிராங்க்ளினால் அவரோடு குனிய முடியாது.

இதைக் கேட்டதும் என் மண்டையில் விளக்கு எரிந்தது. நாம் இந்த ஊரில் 'ஃபார்வர்டு' என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு, பனைமரத்தை மட்டும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நம் பக்கத்து அணில் யார்? எனக்கு உடனே ஞாபகம் வந்தவர் சிவசக்தி நாராயணன். காரைக்குடிக்குப் பக்கத்தில் கண்டனூர்க்காரர். பெங்களூரு எஃப்சி-க்கு ஆடுகிறார். ஆள் ஒன்றும் மலை இல்லை. 2022 டூரண்ட் கோப்பை இறுதிப் போட்டியில் மும்பைக்கு எதிராக முதல் கோல் அவருடையது. கீப்பர் முன்னால் வந்துவிட்டதைப் பார்த்து தலைக்கு மேலே தூக்கிப் போட்டார். அந்த சீசன் ஐ.எஸ்.எல்.லில் ஆறு கோல், வளரும் வீரர் விருது. ஃபிஜியின் ராய் கிருஷ்ணா கட்டுமஸ்தாக நின்று டிஃபெண்டர்களை இழுத்துக்கொள்ள, அவர் விட்ட இடைவெளியில் சிவசக்தி பூந்து வந்தார். பனைமரமும் அணிலும்தான்.

அவருடைய குறை என்ன என்று கேட்டால், துணைக்கு அப்படி ஓர் ஆள் இல்லாத ஆட்டங்களில் அவரைத் தேட வேண்டியிருக்கிறது. அந்த சீசனின் வேகம் பிறகு வந்த சீசன்களில் அவ்வளவாகத் தெரியவில்லை. அதிர்ஷ்டமும் ஒத்துழைக்கவில்லை. 2023 மார்ச்சில் கோவாவில் நடந்த இறுதிப் போட்டியில் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அடிபட்டு வெளியே வந்துவிட்டார். அவர் இடத்தில் இறங்கியவர் சுனில் சேத்ரி.

சேத்ரியின் உயரம் என்ன தெரியுமா? ஐந்தடி ஏழு அங்குலம். அந்த உயரத்தை வைத்துக்கொண்டு இந்தியாவுக்கு 95 கோல். அதில் எத்தனை தலையால் முட்டியவை என்று யூடியூபில் தேடிப் பாருங்கள். எகிறுவது கால்தான், உயரம் இல்லை. எப்போது எகிறுவது என்பதுதான் மொத்த வித்தையும். 2024 ஜூனில் ஓய்வு பெற்றவரை 2025 மார்ச்சில் மறுபடியும் கூப்பிட வேண்டியிருந்தது. வந்து, மாலத்தீவுக்கு எதிராக ஒன்று போட்டார். நாற்பது வயது. ரசிகனாகச் சந்தோஷமாக இருந்தது. யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது. அவருக்குப் பின்னால் யாருமே இல்லையா?

ஏன் இல்லை என்று ஒரு கணக்குப் போட்டேன். 2014 முதல் 2024-25 வரை ஐ.எஸ்.எல். பதினொரு சீசன். பதினொரு தங்க ஷூ. அதில் மூன்று சென்னையின் ஆட்கள் வாங்கினார்கள்: 2014-ல் பிரேசிலின் எலானோ எட்டு கோலோடு, அப்புறம் மெண்டோசா, வால்ஸ்கிஸ். நமக்குப் பெருமைதான். ஆனால் பதினொன்றில் ஒன்றுகூட இந்தியருக்குப் போகவில்லை. முதல் சீசன்களில் ஆறு வெளிநாட்டவர் ஒரே நேரத்தில் களத்தில் இறங்கலாம். 2017-ல் ஐந்தாக்கினார்கள், 2021-ல் நான்காக்கினார்கள். நான்கே பேர் என்றாலும் எந்த அணியும் முதலில் வாங்குவது ஸ்ட்ரைக்கரைத்தான். கோல் போடுபவனுக்குத்தானே காசு? நம் பையன்களை விங்குக்கு அனுப்புவார்கள், இல்லையென்றால் பின்னுக்கு அனுப்புவார்கள். சென்னையிலிருந்து போன நந்தகுமார் சேகர் விங்கில்தான் ஆடுகிறார். 2023 ஆகஸ்டில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிரே அவர் அடித்த ஒற்றை கோலைக் கொல்கத்தாவில் இன்னும் கொண்டாடுகிறார்கள். நடுவில் நிறுத்தினால் என்ன செய்திருப்பார்? நிறுத்திப் பார்த்தால்தானே தெரியும்.

இதை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. லீக்கில் பெரிய பெரிய கோச்சுகள் செய்வதைத்தான் எங்கள் டர்ஃப் கோச்சும் செய்திருக்கிறார். ஜெயிக்க வேண்டும், நாளைக்கே ஜெயிக்க வேண்டும், அதனால் பெரிய உடம்பை முன்னால் நிறுத்து. அவர் மேல் எனக்குக் கோபம் குறைந்துவிட்டது. கொஞ்சம்தான்.

மகள் விடவில்லை. "எல்லாரும் அண்ணனுங்களாவே இருக்காங்க. அக்கா யாரும் இல்லையா?" இருக்கிறார்கள். மணிப்பூரின் பாலா தேவி, 2020-ல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்ட ஃபார்வர்டு. அந்த டிசம்பரில் மதர்வெல் அணிக்கு எதிராக அங்கே கோலும் போட்டார். நம் ஊரில் கடலூர் மாவட்டத்துச் சந்தியா ரங்கநாதன் இந்திய அணிக்கு முன்வரிசையில் ஆடியவர். அதே கடலூரின் இந்துமதி கதிரேசன் நடுவரிசை. போலீஸ் வேலையையும் பார்த்துக்கொண்டு பந்தும் ஆடுகிறார். மதுரையின் சேது எஃப்சி 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கையே வென்றிருக்கிறது. இதையெல்லாம் சொன்னபோது நோட்டில் இன்னொரு பக்கம் நிரம்பியது. போலீஸ் என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு. ஏன் என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை அவளே கோச்சிடம் போய்ப் பேசினாள். நான் வேலிக்கு வெளியே நின்றேன், உள்ளே போகக் கூடாது என்று மனைவியின் கண்டிப்பான உத்தரவு. "சார், ரைட் பேக் ஆடறேன். ஆனா கடைசி பத்து நிமிஷம் முன்னால விடுங்க. அவ பக்கத்துல" என்று அணியிலேயே உயரமான பெண்ணைக் காட்டினாள். "அவ ஹெட் பண்ணிக் கீழ விழற பந்தை நான் எடுத்துக்கறேன்." கோச் அவளையும் பார்த்தார், நோட்டையும் பார்த்தார். நோட்டில் பனைமரமும் அணிலும் படமாகவே வரைந்திருந்தாள். சிரித்துவிட்டார். "சரி, பாக்கலாம்" என்றார்.

ஞாயிறு காலை நாவலூர்ப் பிள்ளைகளோடு ஆட்டம். வெயில் ஏழரை மணிக்கே பல்லைக் காட்டியது. ரைட் பேக்காக முதல் பாதி முழுக்க உருண்டு புரண்டாள். நேர்மையாகச் சொல்கிறேன், நன்றாகவே ஆடினாள். அந்த இடமும் அவளுக்குப் பொருந்துகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1-1. பத்து நிமிடம் இருக்கும்போது கோச் விரலைக் காட்டினார். முன்னால் போனாள்.

ஒரு தடவைதான் பந்து சரியாக வந்தது. கார்னர். உயரமான பெண் எகிறி முட்டினாள். கீப்பர் கையில் பட்டுத் தெறித்து, பந்து தரையில் குதித்த இடத்தில் என் மகள் இருந்தாள். வேறு யாரும் இல்லை. கால் தூக்கினாள். பந்து வலது கம்பத்தை உரசிக்கொண்டு வெளியே போனது. ஆட்டம் 1-1 என்றே முடிந்தது.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் பேச்சே இல்லை. கேட் வாசலில் இறங்கும்போது, "இடது கால்ப்பா" என்றாள்.

"என்ன இடது கால்?"

"பந்து இடது பக்கம் விழுந்துச்சு. நான் வலது காலுக்கு மாத்தினேன். அந்த நேரத்துல அவ வந்துட்டா. இடது கால்லயே அடிச்சிருந்தா உள்ள போயிருக்கும்."

திங்கள்கிழமையிலிருந்து தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பார்க்கிங் சுவரில் இடது காலால் ஐம்பது உதை. எண்ணிக்கொண்டே உதைக்கிறாள். கீழ்த்தளத்து மாமி குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு முறை புகார் போட்டுவிட்டார். மூன்றாவது நாள் அதே மாமி மாடிக்கு வந்து, "முப்பத்தெட்டுலேயே நிறுத்திட்டாளே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.